சோலைக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

அறிவியல் ஆய்வுக்கூடம் என்றதும் நான்கு சுவர்களும் கருவிகளுமே நம் நினைவுக்கு வரும். மரங்களும் மலர்களும் சூழ்ந்த சோலையில் ஆய்வுக்கூடம் அமைத்தவர் சர் சி.வி. இராமன்.

அவர் 1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தா சென்றார். அந்நகரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் ஆய்வு செய்தார். 1917-இல் உயர்ந்த ஊதியம் தந்த அப்பணியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் பேராசிரியரானார்.

1921-இல் கப்பற் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலநிறம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதை எடுத்துக்காட்டினார். அத்தேடல் 1928 பிப்ரவரி 28-இல் ‘இராமன் விளைவு’ என்னும் கண்டுபிடிப்பாகக் கனிந்தது. 1930-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணி நிறைவுற்றபின், 1948-இல் அந்நகரிலேயே இராமன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அரசின் நிதியுடன் கட்டுப்பாடுகளும் வரும் என்று எண்ணி அதனை மறுத்தார். தம் சேமிப்பையும் நன்கொடைகளையும் கொண்டே அதை நடத்தினார். தொடக்கத்தில் அங்கு மின்வசதி இல்லை. அவரோ மனம் தளராமல், கதிரவனின் ஒளிக்கற்றையையும் சில வில்லைகளையும் கொண்டு ஆய்வு செய்தார்.

நிறுவனத்தைச் சுற்றி மரங்களையும் ரோஜாச் செடிகளையும் வளர்த்தார். ஒளிரும் கற்கள், சிப்பிகள், வண்ணத்துப்பூச்சிகள் ஆகியவற்றைத் திரட்டி அருங்காட்சியகம் அமைத்தார். அவை வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. வண்ணம் எவ்வாறு தோன்றுகிறது என்னும் அவருடைய வினாவுக்கு விடைதரும் ஆய்வுப் பொருள்கள். முதுமையிலும் மலர்களின் நிறங்களைப் பற்றி ஆராய்ந்தார்.

1970 நவம்பர் 21-இல் இராமன் மறைந்தார். அவருடைய உடல் அச்சோலையிலேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவு மண்டபம் இல்லை. மரம் ஒன்றே நிற்கிறது.

சொற்பொருள்
ஊதியம் – சம்பளம்
கதிரவன் – சூரியன்
துறந்து – விட்டுவிட்டு

வினாக்கள்
1. இராமன் அரசின் நிதியை ஏன் மறுத்தார்?
2. மின்வசதி இல்லாதபோது எவ்வாறு ஆய்வு செய்தார்?
3. உங்கள் பள்ளித் தோட்டத்தில் வியப்பூட்டும் ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.