இப்னு பதூதா கண்ட கரைகள்

ஈழ வரலாற்றுப் பகுதியை வகுப்பிலே படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், மாணவன் ஒருவன் எழுந்து, ஆரியச்சக்கரவர்த்திகளில் ஒருவராவது எப்படிப் பேசுவார், எதை விரும்புவார் என்று தெரியுமா என வினவினான். யான் சேதுக்கொடியையும் இடப விருதையும் கூறினேன். செகராசசேகரம், பரராசசேகரம் என அவர்தம் பட்டப் பெயராற் சிறந்த நூல்களையும் எடுத்துரைத்தேன். அவன் பணிவுடன் கேட்டுவிட்டு, தான் கேட்டது அதுவன்று என்னும் முகத்தோடு அமர்ந்துகொண்டான். மாலையில் வீடு திரும்பும்போது அவன் பக்கமே நியாயம் என்பது எனக்கு விளங்கிற்று. யாழ்ப்பாண வைபவமாலை அரசர்களை வரிசையாகக் கூறும். ஆனால் ஓர் அரசனோடு முகமுகமாய் இருந்து பேசியவனின் குரல் அதில் இல்லை. அக்குரலைத் தேடியபோது யான் சென்றடைந்த இடம், ஆபிரிக்கக் கண்டத்தின் வடமேற்கு மூலையிலுள்ள தாஞ்சியர் என்னும் துறைமுகம்.

1304 ஆம் ஆண்டில் அவ்வூரிலே, நீதிபதிகளாகிய காதிகள் பலரைத் தந்த குடும்பத்திற் பிறந்தவர் இப்னு பதூதா. இருபத்தோராம் வயதில், 1325 இல், மக்கா யாத்திரையை எண்ணித் தனியே புறப்பட்டார். தாயும் தந்தையும் உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிந்த துயரைப் பின்னர் தாமே சொல்லியிருக்கின்றார். யாத்திரை முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை. எகிப்து, சிரியா, ஈராக்கு, பாரசீகம், கிழக்காபிரிக்கக் கரையிலுள்ள மொம்பாசா, கில்வா, அப்பால் துருக்கியர் நாடு, கொன்சுதாந்திநோபிள், நடு ஆசியா என்று சுற்றி, 1333 இல் சிந்து நதியை அடைந்தார். டில்லியிலே முகம்மது பின் துக்ளக் அவரைக் காதியாக அமர்த்தினான். கொடைக்கும் கொலைக்கும் ஒருங்கே பேர்போன அவ்வரசனிடம் ஆண்டுகள் பல வாழ்ந்து, ஒருமுறை உயிரே போகும் நிலைக்கு வந்து தப்பினார். பின்பு அவ்வரசனே அவரைச் சீனப் பேரரசனிடம் தூதனாக அனுப்பினான்.

தூது கோழிக்கோட்டுக் கரையோடு முடிந்தது. பரிசுப் பொருள்களை ஏற்றிய பெருங்கப்பல் புயலில் உடைந்தது. அவருடைய உடைமைகளையும் ஏவலரையும் ஏற்றிய மற்றைய கப்பல், தொழுகைக்காகக் கரையிலே தங்கிய அவரை விட்டுவிட்டுப் பாய் விரித்தது. வெறுங்கையோடு டில்லிக்குத் திரும்ப அஞ்சிய மனிதர், ஈற்றில் மாலைதீவுக்குப் போனார்.

அங்கே அவர் காதியானார். அவரை மாசற்ற பெரியாராகக் காட்டுவது என் நோக்கமன்று. பதவியிலும் பரிசிலும் அவருக்கு ஆசை மிகுதி. போன ஊர்களில் மணம் முடித்துப் பிரிந்து போவார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வாராதாரை அடிப்பித்தார். திருடன் ஒருவனின் கையைத் துண்டிக்கத் தீர்ப்பளித்தபோது, மென்மையான இயல்புடைய அத்தீவினர் சிலர் அவ்விடத்திலேயே மயங்கி விழுந்தனர். பெண்கள் மேலாடை அணியவேண்டுமென்று அவர் இட்ட கட்டளை நிறைவேறவில்லை. தமக்கு இழுக்காகிய இவற்றையெல்லாம் அவரே பின்னர் சொன்னார் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1344 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மாலைதீவை விட்டு, மஅபர் என்று அரபியர் அழைத்த பாண்டி நாட்டுக் கரையை நாடிப் புறப்பட்டார். காற்று முரண்பட்டு, ஒன்பது நாட்களின் பின் கப்பலை இலங்கைக் கரைக்குத் தள்ளிற்று. சிவனொளிபாதமலை புகைத்தூண் போலத் தொலைவிலே தெரிந்தது. அருகே இருந்த துறை ஆரியச்சக்கரவர்த்தியின் துறை. அவ்வரசனிடம் அகப்பட்ட வணிகர் பொருள் தப்பாது என்று கப்பல் தலைவன் நடுங்கினான். தம்மை மட்டும் கரையில் இறக்கிவிடும்படி சொல்லி இறங்கிய இப்னு பதூதா, தாம் மஅபர்ச் சுல்தானுக்கு மைத்துனர் என்று அறிவித்தார், அது பொய்யன்று. அச்சுல்தானோடு ஆரியச்சக்கரவர்த்தி நட்புப் பூண்டிருந்த காலம் அது.

அவ்வூரை அவர் பத்தாலா என்கின்றார். அது புத்தளம் என்பது ஆராய்ந்தோர் துணிபு. மரவேலியும் மரக் கொத்தளங்களும் சூழ்ந்த சிறிய அழகிய நகரம். வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் கரையிலே குன்றுகளாய்க் கிடந்தன. மலையாளத்தாரும் மஅபர்க் கரையாரும் விலையின்றி அவற்றை எடுத்துச் செல்வர். அதற்கு ஈடாக அரசனுக்குத் துணியும் அது போன்றனவும் காணிக்கையாகக் கொடுப்பர். அரசனோ கடலாட்சி மிக்கவன். அவனுடைய கலங்கள் சிறிதும் பெரிதுமாக நூறு, மஅபர்க் கரையிலே ஒருசேர நின்றதை இப்னு பதூதா தம் கண்ணாற் கண்டவர்.

அரசன் எழுந்து வரவேற்று அருகில் இருத்தினான். அவனுக்குப் பாரசீக மொழி விளங்கும். வேற்று நாடுகளையும் அரசர்களையும் பற்றிய கதைகளைக் கேட்பதில் அவனுக்குப் பெருவிருப்பம். ஒருநாள் முத்துக்குளிப்பிலிருந்து வந்த முத்துக்கள் அவன் முன் குவிந்திருக்க, ஏவலர் நல்லவற்றைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தனர். வேறெங்கேனும் முத்துக்குளிப்பைக் கண்டதுண்டா என்று விருந்தாளியைக் கேட்டான். பாரசீகக் குடாவிற் கண்டதாக அவர் சொன்னார். சில முத்துக்களைக் கையில் எடுத்து, இவற்றுக்கு ஒப்பானவை அங்கே உண்டா என்று மீண்டும் கேட்டான். அவை தாழ்ந்தவையே என்ற விடை கேட்டு மகிழ்ந்து, அம்முத்துக்களை அவருக்கே கொடுத்து, வேண்டுவதை நாணாமற் கேட்கும்படி கூறினான். ஆதம் நபியின் பாதத்தைக் காண்பதே தம் விருப்பம் என்றார் விருந்தாளி. பல்லக்கும், அதைச் சுமப்பாரும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், தன் பரிவாரத்தார் பதின்மரும், உணவு சுமக்கப் பதினைவரும் உடன் செல்ல அரசன் ஏற்பாடு செய்தான்.

என் மாணவன் கேட்டது இதுவே. தன் நாட்டு முத்தைப் புகழக் கேட்பதில் ஆசையுடைய, அயல் மொழி அறிந்த, வேற்று மதத்தவனின் வழிபாட்டுக்குத் தன் ஆட்களைத் துணைவிட்ட ஓர் அரசன், அறுநூற்றெண்பது ஆண்டுகளின் பின்னும் உயிரோடு நம் முன் அமர்ந்திருக்கின்றான்.

விடுமுறையிலே மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அவ்வழியிற் சென்றேன். புத்தளத்துக் களப்பையும் உப்பளங்களையும் கண்டோம். மரவேலியின் சுவடு எதுவும் எம் கண்ணிற் படவில்லை. சிலாபத்தினூடாகக் கொழும்பை அடைந்தோம். அவர் மலைக்குச் செல்லும் காட்டுவழியில் அட்டைகள் பாய்ந்து பற்றுவதையும், அவற்றின்மேல் எலுமிச்சம்புளி பிழிந்து விழுத்துவதையும் கூறியிருப்பதைக் கேட்ட மாணவர் வாய்விட்டுச் சிரித்தனர். உச்சிக்கு ஏறுவார் பற்றிக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகளையும் அவர் குறித்திருக்கின்றார்.

மலையிலிருந்து அவர் இறங்கிவந்து கண்ட கடற்கரைப் பட்டினம் தெய்வேந்திரமுனை. அங்கே பெருங்கோயில் ஒன்றையும், அதன் பணியில் ஆயிரம் பிராமணரும் யோகியரும் இருந்ததையும், ஆளுயரப் பொன் விக்கிரகத்தின் கண்களில் மாணிக்கங்கள் ஒளிர்ந்ததையும் சொல்கின்றார். 1588 இல் போர்த்துக்கேயர் அக்கோயிலைத் தரைமட்டமாக்கினர். இன்று விட்டுணு தேவாலயமும் வெளிச்சவீடும் உள்ள அவ்விடத்திலே நின்றபோது, இவர் கூறியதைக் கட்டுக்கதை என்று யாரேனும் சொன்னால் என்ன விடை கூறுவது என்று மாணவன் ஒருவன் கேட்டான்.

விடை ஒரு கல்லில் இருந்தது; கொழும்பு நூதனசாலையிலே அதை முன்பே பார்த்திருந்தோம். காலியில் 1911 இல், மதகொன்றின் மூடுகல்லாய்க் கிடந்து கண்டெடுக்கப்பட்ட அச்சாசனம், சீனக் கடற்படைத் தலைவன் செங் கோ 1409 ஆம் ஆண்டைப் பொறித்துக் கொணர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் அதில் உண்டு. சீனப் பகுதி புத்த பிரானுக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமியர் போற்றும் இறைவனுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறும். தென்னாவரை நாயனார் என்பது தெய்வேந்திரமுனைத் தெய்வம். ஆகவே, கடல் கடந்து காணிக்கை வரத்தக்க பெருமையுடைய கோயில் அங்கே இருந்தது மெய். இத்தீவின் கரையிலே தமிழும் பாரசீகமும் அருகருகே வழங்கியதும் மெய். பாரசீகம் அறிந்த தமிழரசன் என்பதில் நம்பக்கூடாதது யாது?

இன்னுமொரு சான்று அவருடைய நேர்மையே. காலியையும், இத்தீவின் சிறந்த நகரங்களுள் ஒன்றென அவர் குறித்த கொழும்பையும் கடந்து புத்தளம் மீண்டு, அங்கிருந்து மஅபருக்குச் சென்றார். கரைக்கு அண்மையில் அவர் கப்பல் உடைந்தது. மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் அவருக்கு உறவினன், ஒரே மதத்தவன், உணவும் உடையும் தந்தவன். ஆயினும் சிறைப்பட்டாரைப் பெண்டிர் பிள்ளைகளென்றும் பாராது அவன் கொல்வித்த கொடுமையை இப்னு பதூதா மறைக்கவில்லை. அது வெறுக்கத்தக்கதென்றே கூறினார். உறவினனின் பழியையும் அயலானின் நற்குணத்தையும் ஒரே நாவாற் சொன்னவரை யான் நம்புகின்றேன்.

அதன்பின் நேர்ந்ததே அவர் வாழ்வின் உச்சம் என்பது என் கருத்து. மதுரையிற் கொள்ளைநோய் பரவியிருந்த நாட்களைக் கடந்து, கொல்லத்திலிருந்து வடக்கே செல்கையில், பன்னிரண்டு கலங்களில் வந்த கொள்ளையர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். இலங்கை அரசன் அளித்த முத்தும் மணியும், பெரியோர் தந்த ஆடைகளும், கையிலிருந்த அனைத்தும் போயின. இடுப்பிலிருந்த காற்சட்டை ஒன்றே எஞ்சிற்று. புகாரா நகரத்து அறிஞர்களின் சமாதிகளிற் படியெடுத்து வைத்திருந்த எழுத்துக்களும், இவ்வாறு இந்தியக் கடலிற் கொள்ளை போனவற்றுள் அடங்கும்.

அவர் மேலும் வங்கம், சுமாத்திரா, சீனம் வரை சென்று, 1349 இல் தாய்நாடு திரும்பினார். தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகளாயின என்பதை வழியில், தமாசுக்கு நகரத்திற் கேட்டறிந்தார். தாயார் சில மாதங்களுக்கு முன்னரே கொள்ளைநோய்க்கு இரையாகியிருந்தார். பின்னர் கிரனாடாவையும் சகாராப் பாலைக்கு அப்பாலுள்ள மாலி நாட்டையும் கண்டுவந்தார். ஃபெஸ் நகரத்துச் சுல்தானின் ஆணைப்படி, இப்னு ஜுஸை என்னும் எழுத்தாளர் எழுத, இவர் நினைவிலிருந்து சொல்லி, 1355 டிசெம்பரில் முடித்தார். இப்னு ஜுஸை முந்திய யாத்திரை நூலொன்றிலிருந்து சில வருணனைகளை எடுத்துச் சேர்த்தார். நினைவிலிருந்து சொன்னதாகையால் ஊர்களின் ஒழுங்கு சிலவிடத்துப் பிறழ்ந்தது. அரண்மனையிலோ பலர் அவரைப் பொய்யர் என்று முணுமுணுத்தனர். இதனை வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் குறித்து வைத்தார். கண்டதைச் சொன்னவர், காணாதவரால் நம்பப்படாமல், உள்ளூர்க் காதியாகவே காலங் கழித்து மறைந்தார். ஐந்நூறு ஆண்டுகளின் பின் பிரெஞ்சு மொழியிற் பெயர்ந்து, அதிலிருந்து அல்பர்ட் கிறே ஆங்கிலமாக்க, 1882 இல் இலங்கை அரச ஆசியச் சங்கத்தின் வாயிலாக, ஆரியச்சக்கரவர்த்தி தன் தீவுக்கு மீண்டு வந்தான். அவன் கொடுத்த முத்துக்கள் போய்விட்டன. கொடுத்த கை நிலைத்தது.

எங்கள் பகுதியில் ஒருவர் காலமானால், அந்தியேட்டி நாளிற் கல்வெட்டு அச்சிட்டு வழங்குவது வழக்கம். அதற்குச் சரமகவி பாடித் தரும்படி கேட்டு வந்தவர்க்கு யான் முப்பது ஆண்டுகளாக இல்லையென்று சொன்னதில்லை. எனக்குத் தமிழ் கற்பித்த பண்டிதர் மறைந்தபோதும் பாடினேன். குலமும் குணமும் புலமையும் அதில் நிரம்ப உண்டு. அதை வாசித்த அவர் மகள், பாடந் தொடங்குமுன் ஐயா என்ன சொல்வார் என்று நினைவிருக்கின்றதா என என்னிடம் கேட்டார். எட்டு ஆண்டுகள் அவர் காலடியில் இருந்த எனக்கு அது நினைவில் இல்லை. எதுகை தவறாத நூறு அடிகளில் என் ஆசிரியர் இல்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

உரைநடையில் யாத்திரை எழுதுதலை இலக்கியமென யான் ஒருபோதும் மாணாக்கர்க்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கின்றேன். சென்ற தவணையிலிருந்து, ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரைப் பற்றி, அடைமொழி ஒன்றுமின்றி, கண்டதையும் கேட்டதையும் மட்டும் ஒரு பக்கம் எழுதிவர வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. யானும் ஒரு கொப்பி வைத்திருக்கின்றேன். அதன் முதற் பக்கத்தில் என் ஆசிரியரின் பெயரை எழுதி, நினைவுக்கு வருவனவற்றை ஒவ்வொன்றாகக் குறித்து வருகின்றேன். இதுவரை பதினொரு வரிகளே சேர்ந்துள்ளன.