கீர்த்தனை எழுதியவரையே மிஷன் வேலையைவிட்டு நீக்கியது ஏன்? யார் இந்த வேதநாயக சாஸ்திரியார்?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் ரோட்டில், ஜவ்வாது மலைப் பக்கம் இருக்கிறது கண்ணமங்கலம். இந்த வட்டாரத்து சி.எஸ்.ஐ. சபைகளில் ஞாயிறு ஆராதனைக்குப் போனால் ரெண்டு வகைப் பாட்டு காதில் விழும். ஒன்று பாமாலை. மெட்டு பெரும்பாலும் ஜெர்மனி, இங்கிலாந்துச் சரக்கு. இன்னொன்று கீர்த்தனை. பல்லவி, சரணம், ராகம், தாளம் எல்லாம் நம்ம ஊர் பாணி. இரண்டாவதில்தான் சபை மொத்தமும் வாய்விட்டுப் பாடும்.

அந்தக் கீர்த்தனைகளின் முன்னோடி தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். ('பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேற ஆள். குழப்பிக்க வேண்டாம்.)

இளவரசனோடு வளர்ந்தவர்

1774-ல் பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளாளர் குடும்பத்தில் பிறந்தார். பையனின் தமிழைப் பார்த்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ், அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். அப்போது வயது 12. சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த இன்னொரு பையன், பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி. ரெண்டு பேருக்கும் நட்பு கடைசிவரை இருந்தது. தரங்கம்பாடியில் படித்துவிட்டு வந்த வேதநாயகம், 20 வயது வாக்கில் தஞ்சை மிஷன் பள்ளியில் ஆசிரியர் ஆனார்.

வாத்தியார் வேலையைவிட பாட்டுதான் அவரைப் பரப்பியது. அன்று கோயில்களில் ஆடிய குறவஞ்சி நாடகத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். அதே குறத்தி, அதே குறி சொல்லும் காட்சி. தலைவன் மட்டும் இயேசு. கும்மி, நொண்டி நாடகம் என்று மக்கள் வாயில் இருந்த வடிவம் எதையும் அவர் விடவில்லை. காலட்சேபமும் செய்தார்.

1829-ல் என்ன நடந்தது?

சுவார்ட்ஸ் 1798-ல் இறந்துபோனார். பிறகு வந்த புதுத் தலைமுறை மிஷனரிகளோடு உரசல் தொடங்கியது. சாஸ்திரியார் அவர்கள்மேல் வைத்த குற்றச்சாட்டு நான்கு. பழகிய தமிழ் வேதாகமத்தைத் திருத்துகிறார்கள். விசேஷங்களில் பூ வைக்க விடுவதில்லை. தமிழ்ப் பாட்டையும் இசையையும் தடுக்கிறார்கள். நான்காவது, சாதி வேறுபாட்டைவிடச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள்.

முதல் மூன்றையும் படிக்கும்போது யாருக்கும் அவர் பக்கம் நிற்கத் தோன்றும். சிக்கல் நான்காவதில்தான்.

தஞ்சை சபையில் அன்று வெள்ளாளர் ஒரு பக்கம், இன்று தலித் என்று சொல்கிறோமே அந்த மக்கள் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிப்பதிலும் யார் முதலில் என்ற கணக்கு இருந்தது. இது ஊர் வழக்கம், விசுவாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை என்பது சாஸ்திரியார் வாதம். சுவார்ட்ஸ் காலத்தில் இருந்தது இப்போது மட்டும் ஏன் பாவம் ஆகிறது என்று கேட்டு நீளமாக எழுதவும் செய்தார். எதிர்ப் பக்கம் உட்கார்ந்தவருக்கு அது வாராவாரம் நடக்கும் அவமானம். சாஸ்திரியாரின் வாதம் அவர்கள் இடத்திலிருந்து யோசிக்கவே இல்லை.

1829-ல் மிஷன் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பழைய நண்பர் சரபோஜி கைகொடுத்தார். அரண்மனையில் சம்பளத்தோடு இடம் கிடைத்தது. 1832-ல் மன்னரும் போய்விட, அந்த ஆதரவும் போனது. அடுத்த வருஷமே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சையில் பலர் அதை ஏற்காமல் சபையைவிட்டே விலகினார்கள்.

1853

மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப், தமிழ்ச் சபை தமிழ் ராகத்தில் பாடினால்தான் எடுபடும் என்று நம்பியவர். கிழவராகிவிட்ட சாஸ்திரியாரைத் தஞ்சாவூரில் தேடிப் பார்த்து, மெட்டுகளைக் கற்றுக்கொண்டார். வெப் தொகுத்த கீர்த்தனைப் புத்தகம் 1853-ல் அச்சாகி வந்தது. அதில் சாஸ்திரியார் பாட்டுகள் நிறைய.

அதே 1853-ல்தான் ஸ்கடர் சகோதரர்கள் வேலூர், ஆரணி பக்கத்துக்கான ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். சாதியை விட்டுவிட்டு வந்தால்தான் சபையில் இடம் என்பதில் கறாராக இருந்த மிஷன் அது. இந்த வட்டாரச் சபைகள் பலவும் தலித் மக்கள் கூடி உருவாக்கியவை. சாஸ்திரியார் தனியாக உட்காரச் சொன்ன மக்களின் பேரப்பிள்ளைகளே அவர் பாட்டை ஆர்மோனியம் வைத்துப் பாடினார்கள், இன்றும் பாடுகிறார்கள்.

சாஸ்திரியார் 1864 ஜனவரி 24 அன்று, 89 வயதில் இறந்தார். அவர் வம்சத்தினர் இப்போதும் சாஸ்திரியார் என்ற பட்டத்தோடு சபைகளில் காலட்சேபம் செய்கிறார்கள்.