உச்சியை விட்டு இறங்கி வந்த மருத்துவர்

கற்ற கல்வி யாருக்கு உரியது என்னும் வினா, கற்றவர் ஒவ்வொருவர் முன்னும் ஒருநாள் வந்து நிற்கிறது. அதற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்து சென்றவர்களுள் ஒருவர், அறுவை மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். மலையேறுவோர் அவரை எவரெஸ்ட் வீரராக அறிவர். குமரி மாவட்டத்து மக்களோ, நெய்யூரில் தங்கள் முன்னோரின் பிணி தீர்த்த மருத்துவராக அறிவர்.

அவர் 1890 ஏப்ரல் 16ஆம் நாள் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். காலணி செய்யும் தொழிலில் சிறந்து விளங்கிய குடும்பம் அது. கேம்பிரிட்ஜில் அறிவியல் பயின்று முதல் வகுப்பில் தேறினார். பின்னர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். ஓவியமும் இசையும் மலையேற்றமும் அவருக்கு உயிரனையவை.

முதல் உலகப் போர் மூண்டபோது படை மருத்துவராகப் பிரான்சு சென்றார். 1916 ஜூலையில் சோம் ஆற்றங்கரைப் போர் தொடங்கியது. கள மருத்துவ நிலையத்தில் அறுவை செய்யக்கூடியவர் ஒரு சிலரே. வெளியே திறந்த வெளியெங்கும் காயமுற்ற வீரர்கள் தூக்குப்படுக்கைகளில் கிடந்தனர். எவரை முதலில் உள்ளே எடுப்பது, எவரை விடுவது என முடிவு செய்யும் கொடிய கடமை மருத்துவர்கள்மேல் விழுந்தது. உயிர் பிரியும் நிலையிலும் தம்மை முதலில் கவனிக்குமாறு அவ்வீரர்கள் கேட்கவில்லை. அந்தக் காட்சி இளம் மருத்துவரின் உள்ளத்தில் அழியாது பதிந்தது. அதன்பின் அவர் போரை அறவே வெறுத்தார்.

1922இல் எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்று, மேலோரி, நார்ட்டன் ஆகியோருடன் செயற்கை உயிர்வளியின்றி 26,985 அடி உயரம் எய்தினார். அதற்கு முன் மனிதர் எவரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. ஆனால் ஜூன் 7ஆம் நாள் பனிச்சரிவு ஒன்று சுமை தூக்குவோர் எழுவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. கூலிக்காக வந்த எளியவர்கள் மட்டுமே மாண்டனர். தம்மவருள் ஒருவரும் மாளவில்லை என்பது அவர் நெஞ்சை வருத்தியது.

அத்துயரோடு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே பயணம் செய்தவர், அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நெய்யூரை அடைந்தார். லண்டன் மிஷன் 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி அங்கு நடந்துவந்தது. மருத்துவமனை வாயிலில் நோயாளர் கூட்டம் நிறைந்திருந்தது. அறுவை செய்யவோ ஒருவர் மட்டுமே இருந்தார். சோமர்வெல் உடனிருந்து உதவினார். லண்டனில் அவருக்கு உயர்ந்த பணி காத்திருந்தது. அங்கு அவர் செல்லாவிடில் அவ்விடத்திற்கு வேறொருவர் வருவார். நெய்யூருக்கு வர எவருமில்லை. இதனை உணர்ந்தவர், தாயகம் சென்று மீண்டு, நெய்யூர்ப் பணிக்கே தம்மை ஒப்படைத்தார்.

1924இல் மீண்டும் எவரெஸ்ட் அழைத்தது. சுமை தூக்குவோர் நால்வர் வடகணவாயில் பனியிடையே சிக்கிக்கொண்டனர். சிகரம் ஏறும் முயற்சிக்குச் சேமித்த வலிமை வீணாகுமே என எண்ணாமல், சோமர்வெல்லும் நார்ட்டனும் மேலோரியும் அவர்களை மீட்கச் சென்றனர். வழுக்கும் சரிவில் கயிற்றின் எல்லைவரை சென்று, கைநீட்டி அவர்களைக் காத்தவர் சோமர்வெல். நால்வரும் உயிரோடு இறங்கினர். சில நாட்களுக்குப்பின், ஜூன் 4ஆம் நாள், சுமார் 28,000 அடி உயரத்தில் குளிரால் தொண்டை புண்பட்டு அவர் நின்றுவிட்டார். இறங்கும் வழியில் மூச்சடைத்துச் சாவின் வாயில்வரை சென்று மீண்டார். சிகரம் அவருக்குக் கிட்டவில்லை. அதை எண்ணி ஏங்காமல் நெய்யூருக்குத் திரும்பினார்.

அதன்பின் இருபதாண்டுகளுக்கு மேல் அவர் வாழ்வு நெய்யூரிலும் அதன் கிளை மருத்துவமனைகளிலும் கழிந்தது. அப்பகுதியில் முன்சிறுகுடற்புண் மிகுதியாகக் காணப்பட்டது. இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவையால் எண்ணற்றோரின் வலியைப் போக்கினார். அத்துறையில் அவர் பெற்ற பட்டறிவு மருத்துவ உலகம் அறிந்ததாயிற்று. வாய்ப்புற்று நோயாளருக்கு ரேடியம் சிகிச்சையும் அளித்தார். அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

தாம் ஒருவரே செய்யும் அறுவையால் காத்திருப்போர் கூட்டம் குறையாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆகவே 1949 முதல் 1961 வரை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவையியல் கற்பித்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஆல்பைன் மன்றத் தலைவராகவும் விளங்கி, 1975 ஜனவரி 23ஆம் நாள் மறைந்தார்.

இன்று கேரளத்தின் காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மருத்துவம், பொறியியல், சட்டம் எனப் பல துறைகளில் நம் இளைஞர் உயர்ந்துவரும் காலம் இது. நம்மை விட்டால் வேறொருவர் வரக்கூடிய இடம் எது, வேறு எவரும் வாராத இடம் எது எனப் பிரித்தறியும் பார்வையும் அவர்களுக்கு வாய்க்குமாயின், பெற்றோர் பட்ட பாடும் பிள்ளைகள் கற்ற கல்வியும் முழுப்பயன் எய்தும்.