உடலுக்கு இலக்கணம் கண்ட கவிஞர்

சுவீடன் நாட்டின் தென்பால் உள்ள ஸ்மோலண்ட், காடும் ஏரியும் நிறைந்த நிலப்பகுதி. அங்குள்ள சோத்ரா யுங்கா என்னும் சிற்றூரில், 1776ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள், கிறித்தவக் குரு ஒருவரின் மகனாகப் பேர் ஹென்றிக் லிங் பிறந்தார். உடற்கல்வியை ஒழுங்குபட்ட துறையாக வகுத்த முன்னோடி என்று உலகம் அவரை அறியும். அவர் காப்பியக் கவிஞருமாவார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

இளமையிலேயே தந்தையை இழந்த லிங், லுண்டிலும் உப்சாலாவிலும் சமயக் கல்வி பயின்று 1797இல் தேர்ச்சி பெற்றார். தந்தையைப் போலக் குருப் பணியை மேற்கொள்ளும் வழி திறந்திருந்தது. அவரோ அயல்நாடுகளை நோக்கிப் புறப்பட்டார். கோபன்ஹேகன் நகரில் மொழிகளைக் கற்பித்து வாழ்ந்தார். ஜெர்மனி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலும் அலைந்தார். வறுமை உடலை வாட்டியது, வாதநோயும் பற்றிக்கொண்டது.

எனினும் அவ்வலைச்சல் வீண்போகவில்லை. 1799இல் கோபன்ஹேகனில் பிரான்ஸ் நாக்டெகால் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தைத் தொடங்கியிருந்தார். லிங் அங்கே பயின்றார்; வாள்வீச்சிலும் தேர்ந்தார். கவிஞர் ஊலன்ஷ்லேகர் வடபுலத்துப் பழந்தொன்மங்களுக்குப் புத்துயிர் ஊட்டியதும் அந்நகரில், அந்நாளில்தான். லிங்கின் வாழ்வை நிறைத்த இரு வேட்கைகளும் அங்கேயே வேர் கொண்டன.

1804இல் தாயகம் திரும்பியவர், மறு ஆண்டே லுண்ட் பல்கலைக்கழகத்தில் வாள்வீச்சு ஆசிரியரானார். நாள்தோறும் செய்த பயிற்சியால் தம் நோய் நீங்கியதை உணர்ந்தார். மருந்து செய்யாததைப் பயிற்சி செய்தது எவ்வாறு என்ற வினா அவரை விடவில்லை. விடை தேடி, உடற்கூற்றியலையும் உடலியங்கியலையும் முனைந்து கற்றார்.

1809இல் உருசியாவுடனான போரில் சுவீடன் பின்லாந்தை இழந்தது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நிலம் பறிபோன அவ்விழப்பு, கவிஞர் நெஞ்சங்களை உலுக்கிற்று. அத்துயரை உருவகமாக்கி லிங் 'யில்ஃபே' என்னும் காவியத்தை எழுதினார். 1811இல் நண்பர் சிலர் கூடிக் கோத்தியக் கழகம் என்னும் இலக்கிய அமைப்பை நிறுவினர். பழம்பெருமையை மீட்டு மக்களுக்கு உரமூட்டுவது அதன் நோக்கம். யேயர், டெங்னேர் முதலிய பெருங்கவிஞர்களோடு லிங்கும் அதில் இடம்பெற்றார்.

தளர்ந்த நாட்டைப் பாட்டால் மட்டும் நிமிர்த்த இயலுமா? உடலும் நிமிர வேண்டும் என்று கருதினார் லிங். அரசை அவர் பலமுறை அணுகியதன் பயனாக, 1813இல் ஸ்டாக்ஹோம் நகரில் அரச நடுவண் உடற்பயிற்சி நிறுவனம் உருவாயிற்று. அவரே அதன் தலைவரானார். கல்வி, படை, மருத்துவம், அழகு எனப் பயிற்சியை நான்காகப் பகுத்தார். எந்த அசைவும் காட்சிக்காக அமைதல் கூடாது; ஒவ்வொன்றுக்கும் உடலியல் சார்ந்த காரணம் வேண்டும்; எளியோரும் செய்யத்தக்கதாக அது இருத்தல் வேண்டும் என்பது அவர் நெறி. மருத்துவர் பலர் எதிர்த்தனர். ஆயினும் 1831இல் சுவீடன் மருத்துவக் கழகமே அவரை உறுப்பினராக ஏற்றது.

இப்பணிகளுக்கு இடையே 'ஆசர்னே' என்னும் பெருங்காப்பியத்தையும் படைத்துவந்தார். 1816இல் முதலில் வெளிவந்த அந்நூல் 1833இல்தான் முழுமையுற்றது. 1835இல் சுவீடன் இலக்கியப் பேரவை அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. ஆனால் காலம் அக்காப்பியத்தைக் காக்கவில்லை. அதே தொன்ம மண்ணில் விளைந்த டெங்னேரின் 'பிரித்யோப் கதை' 1825இல் வெளிவந்து பல மொழிகளுக்குச் சென்றது. லிங்கின் நூலோ புலமையும் உருவகமும் மிகுந்து, உயிர்ப்புக் குன்றிக் கிடந்தது. உடலசைவில் வேண்டாததை ஈவிரக்கமின்றி நீக்கிய ஆசான், சொல்லில் அதனைச் செய்யத் தவறினார். கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க இடம் இது.

1839 மே 3ஆம் நாள் லிங் மறைந்தார். உடற்பயிற்சியின் பொதுநெறிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் மறு ஆண்டே வெளிவந்தது. மாணவர் பிராண்டிங்கும், மகன் யால்மாரும் அவர் முறையை வளர்த்தனர். அது கடல் கடந்து இங்கிலாந்தின் பள்ளிகளுக்கும் சென்றது. அவர் மறைந்து நூறாண்டு நிறைந்த 1939இல், பல நாட்டினர் ஸ்டாக்ஹோமில் திரண்டு 'லிங்கியாட்' என்னும் விழா எடுத்தனர். அவர் நிறுவிய கல்விக்கூடம் பெயர் மாறி இன்றும் நிலைத்துள்ளது.

அவர் பாடல்களை இன்று ஓதுவார் அரியர். எனினும் அப்பாடல்களைத் தூண்டிய வேட்கையே கல்விக்கூடத்தையும் எழுப்பிற்று. ஏட்டில் நில்லாத கவிதை, மாந்தரின் நிமிர்ந்த தோள்களில் நின்றது.