மரத்துண்டில் பிறந்த குதிரைகள்

ராட்டினக் குதிரையில் உட்கார்ந்து சுற்றியிருக்கிறீர்களா குட்டீஸ்? இப்போதைய குதிரைகள் பெரும்பாலும் அச்சில் வார்த்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே முகம்! நூறு வருடங்களுக்கு முன்போ, ஒவ்வொன்றையும் மரத்தில் கையால் செதுக்கினார்கள். அதில் பேர் பெற்றவர் சார்லஸ் லூஃப்.

1852-ல், இன்று ஜெர்மனியில் உள்ள ஹோல்ஸ்டைன் பகுதியில் பிறந்தவர். 1870-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். புரூக்ளின் நகரில் மேஜை, நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே மிஞ்சும் மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்து வருவார். பகல் முழுக்க உழைத்த பிறகு, ராத்திரியில் குதிரை செதுக்குவார். 1876-ல் கோனி ஐலண்ட் கடற்கரையில் அவருடைய ராட்டினம் சுற்றத் தொடங்கியது. அந்த ஊருக்கு அதுதான் முதல் ராட்டினம்!

ஒரே கட்டையில் செதுக்கினால் குதிரை கனக்கும். மரம் வெடித்தும் போகும். அதனால் பலகைகளைப் பசையால் ஒட்டி, வயிற்றைக் கூடாக விட்டுவிட்டு, வெளிப்புறத்தைச் செதுக்குவார்கள். லூஃப் தன் குதிரைகளுக்குப் பளபளக்கும் கண்ணாடிக் கற்கள் பதித்தார். வாலுக்கு நிஜக் குதிரைமுடி! இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அமெரிக்க ராட்டினங்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். வெளியே நிற்பவர்களுக்குக் குதிரையின் வலப்பக்கம்தான் தெரியும். எனவே அலங்காரமெல்லாம் வலப்பக்கத்தில். இடப்பக்கம் பாவம், வெறுமனே இருக்கும்!

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிரசென்ட் பூங்காவில் 1895 வாக்கில் பெரிய ராட்டினம் ஒன்றை அமைத்தார். வாங்க வருபவர்கள் அதில் பிடித்த குதிரையைக் காட்டி ஆர்டர் கொடுக்கலாம். 1905-ல் அவருடைய புரூக்ளின் பட்டறை இருந்த இடத்தை, பூங்கா அமைக்க அரசு எடுத்துக்கொண்டது. லூஃப் கிரசென்ட் பூங்காவுக்கே குடிபெயர்ந்தார். பிறகு கலிபோர்னியாவுக்குப் போய், 1918-ல் காலமானார்.

அதற்குப் பின் பல பூங்காக்கள் மூடப்பட்டன. ராட்டினங்களைப் பிரித்து, குதிரைகளைத் தனித்தனியாக விற்றார்கள். 1970-களில் கிரசென்ட் பூங்காவும் மூடியது. ஆனால் ஊர் மக்கள் போராடி, ராட்டினத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். 1987-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது.

பழைய குதிரையைச் சீராக்குவது பொறுமையான வேலை. வருடக்கணக்கில் பூசிய பெயிண்ட்டை அடுக்கு அடுக்காக எடுத்து, முதல் வண்ணத்தைத் தேட வேண்டும். விட்டுப்போன இணைப்புகளை மறுபடி ஒட்டி, உடைந்த காதையும் காலையும் புதிதாகச் செதுக்கிப் பொருத்த வேண்டும்.

கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் கடற்கரையில் 1911-ல் வந்த லூஃப் ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. அதில் ஏறினால், ஓட்டத்திலேயே கை நீட்டி ஒரு வளையத்தை உருவி, எதிரே வரைந்திருக்கும் கோமாளியின் வாய்க்குள் வீசலாம். சரியாக விழுந்தால் விளக்கு எரியும்!