தகடூரில் ஔவையார்

தருமபுரி என்று இக்காலத்தில் வழங்கும் ஊர் சங்க காலத்தில் தகடூர் எனப் பெயர் பெற்றிருந்தது. அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வள்ளல் அதியமான் நெடுமான் அஞ்சி. மலைப்பிளவில் அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல், அதன் பயனையும் வெளியிடாமல், ஔவையாருக்கு அவன் அளித்த வரலாற்றை நீங்கள் கீழ் வகுப்புகளிலேயே படித்திருப்பீர்கள். கனியைக் கொடுத்தவன் புகழ் நாடெங்கும் பரவியிருக்கிறது. அதனைப் பெற்ற அம்மையார் எத்தகைய வாழ்க்கை வாழ்ந்தார், எதன் பொருட்டுத் தகடூர் வாயிலை அடைந்தார் என்பவற்றை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

முதலில் ஒன்று தெளிதல் வேண்டும். ஔவையார் என்னும் பெயருடன் தமிழகத்தில் பலர் வாழ்ந்தனர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவையார் பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டவர். 1953ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் இவர்கள் அனைவரையும் ஒருவராக்கிக் காட்டியது. மக்களும் அதனையே மெய்யென்று கொண்டனர். நாம் ஈண்டுக் கூறப்போவது சங்க கால ஔவையாரைப் பற்றியே. அவர் பாடியனவாக 59 பாடல்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றில் உள்ளன. அவற்றிலும் பெரும்பகுதி அஞ்சியையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் பற்றியவை. ஏட்டுச் சுவடிகளில் மறைந்து கிடந்த புறநானூற்றை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். இல்லையேல் தகடூர்ச் செய்திகளுட் பல நமக்கு எட்டியிரா.

அக்காலத்தில் யாழ் மீட்டும் பாணரும், ஆடிப் பாடும் விறலியரும், கூத்தரும், பொருநரும் ஊர் ஊராகச் சென்று கலை வளர்த்தனர். நிலமும் இல்லை, நிலையான வருவாயும் இல்லை. இசைக் கருவிகளே அவர்கள் செல்வம். ஔவையார் புலவர் வகுப்பினரா, பாணர் வகுப்பினரா என்று அறிஞர் ஆராய்வர். பகையரசன் ஒருவன் தம்மை விறலி என்றே விளித்து வினவியதாக அவர் பாடுகிறார். தகடூரை விட்டுப் புறப்படத் துணிந்தபோது இசைக் கருவிகளை மூட்டையாகக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டதாகவும் கூறுகிறார். பாட்டும் கருவியும் சுமந்து வழி நடந்தவர் அவர் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இக்கலைஞர்களிடையே போற்றத்தக்க வழக்கம் ஒன்று இருந்தது. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்புவோர், எதிரே வறுமையுடன் வரும் கலைஞரைக் கண்டால் ஒதுங்கிச் செல்வதில்லை. இன்ன வழியே செல்க, இன்னானைக் காண்க என்று ஆற்றுப்படுத்துவர். தாம் கண்ட ஊற்றைப் பிறருக்கு மறைக்காத அவ்வுள்ளத்திலிருந்தே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை பிறந்தது. பத்துப்பாட்டில் பாணர், கூத்தர், பொருநர் ஆகியோரை இவ்வாறு வழிப்படுத்தும் நூல்கள் நான்கு உள்ளன.

ஔவையாரும் அவ்வாறு வழி காட்டியவரே. பாலை வழியில் விறலி ஒருத்தி சோர்ந்து அமர்ந்திருக்கிறாள். காவடியின் ஒரு பக்கத்தில் பதலை என்னும் பறையும் மறு பக்கத்தில் சிறு முழவும் தொங்குகின்றன. கவிழ்ந்து கிடக்கும் தன் உண்கலத்தை நிமிர்த்தி நிரப்புவார் எவர் என ஏங்குகிறாள். அஞ்சி தொலைவில் இல்லை, போர்க்களத்தில் இருக்கிறான், ஆயினும் அஞ்சாமல் செல்க என்கிறார் ஔவையார். உலகமே வறுமையுற்ற காலத்திலும் காக்க வல்லவன் அவன் என்று உறுதி கூறுகிறார். பெயரும் ஊரும் தெரியாத அந்த விறலி அன்று வயிறார உண்டிருப்பாள் என்றே நம்புகிறேன்.

வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணாக்கர் ஒரு வினா எழுப்புவதுண்டு. பிறர் கொடுப்பதை வாங்கி உண்பது இரத்தல் ஆகாதோ என்பர். நல்ல வினாவே. தகடூர் வாயிலில் நிகழ்ந்த ஒன்று அதற்கு விடை தருகிறது.

ஒருமுறை அஞ்சி பரிசில் தராமல் காலம் நீட்டித்தான். ஔவையார் கெஞ்சவில்லை. அரசனிடம் நேரே செல்லவும் இல்லை. வாயில் காப்போனை அழைத்தார். உன் தலைவன் தன்னையும் அறியானோ, என்னையும் அறியானோ என்னும் கருத்துப்படக் கேட்டார். அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து உலகம் வறிதாகி விடவில்லை என்று எடுத்துரைத்தார். மரத்தச்சன் பெற்ற பிள்ளைகள் கோடரியுடன் காடு புகுந்தால் அவர்களுக்கு மரம் கிட்டாமற் போகுமோ? கலைவல்லாருக்கும் இவ்வுலகம் அத்தகைய காடே. எத்திக்கில் சென்றாலும் உணவு உண்டு என்று கூறி மூட்டையைத் தூக்கினார். கைத்தொழில் கற்றவனுக்கு எவ்வளவு பெருமிதம் உண்டோ அவ்வளவு பெருமிதம் பாட்டுத்தொழில் கற்ற அவருக்கும் இருந்தது.

பெருஞ்சித்திரனார் என்னும் புலவரும் இதே அஞ்சியை நாடி மலை பல கடந்து வந்தார். அவன் அவரை நேரிற் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. காணாது தந்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்றார். தம் தகுதியை அறிந்து தருவதாயின் தினையளவு போதும் என்றார். அஞ்சி போன்ற வள்ளலிடத்தும் இத்தகைய பிழைகள் நேர்ந்தன. அவற்றைப் புலவர் மறைக்கவும் இல்லை. பின்னாளில் பாட்டுகளைத் தொகுத்தவர்களும் இவற்றை நீக்கவில்லை.

அஞ்சியின் குணத்தை ஔவையார் நன்கு அறிந்தவர். ஒருநாள், இருநாள் அன்று, பலநாள் பலரோடு சென்றாலும் முதல் நாள் போன்ற விருப்பத்தோடு வரவேற்பவன் என்று அவனைப் பாராட்டினார். காலம் தாழ்த்தாலும் அவன் பரிசில் யானை தன் கொம்பிடையே வைத்துக்கொண்ட கவளம் போன்றது, தவறாது கிட்டும் என்று தம் நெஞ்சுக்கு ஆறுதலும் சொன்னார். அந்நட்பின் பொருட்டே தொண்டைமானிடம் தூது சென்றார். அங்கே நெய் பூசி மயிற்பீலி அணிந்து அடுக்கியிருந்த படைக்கலங்களைக் கண்டார். எம் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போல இகழ்ந்த அச்சொல் தொண்டைமானுக்கு விளங்காமற் போயிராது.

போர் நிற்கவில்லை. பகைவர் வேல் அஞ்சியின் மார்பில் பாய்ந்தது. அந்த வேல் அவன் மார்பை மட்டுமா துளைத்தது? பாணர் உண்கலத்தைத் துளைத்தது, இரப்போர் கையைத் துளைத்தது, புலவர் நாவிலும் சென்று தைத்தது என்று ஔவையார் புலம்பினார். வள்ளல் ஒருவன் மடிந்தால் எத்தனை குடும்பங்களின் அடுப்பு அவிகிறது என்பதை அறிந்தவர் அழுத அழுகை அது. அவனுக்கு நடுகல் நாட்டினர். பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளும் படைத்தனர். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என்று அவர் கேட்டார். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்த செய்தியைப் பதிற்றுப்பத்தால் அறிகிறோம். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூலில் சில பாடல்களே நமக்கு எஞ்சின.

1981ஆம் ஆண்டில் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் மலைக்குகை ஒன்றில் பழைய தமிழிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. துறவியர் தங்குவதற்கு அதியன் நெடுமான் அஞ்சி பள்ளி அளித்த செய்தியை அது கூறுகிறது. புலவர் பாட்டில் மட்டுமே வாழ்ந்த கொடையாளனுக்குக் கல்லும் சான்றாயிற்று.

பொகுட்டெழினியின் வாயிலிலும் ஔவையார் ஒரு வைகறையில் போய் நின்றார். கையில் ஒரு கண் உடைய கிணைப்பறை. அதனை முழக்கிப் பாடினார். அவன் அவர் உடுத்திருந்த, கேணிப் பாசியின் வேர் போன்று நைந்த கந்தலைக் களையச் செய்தான். நுண்ணிய நூலாடை தந்து உடுத்தினான். கடல் கடந்து கரும்பைக் கொண்டுவந்து இந்நாட்டில் பயிரிட்ட முன்னோரின் வழித்தோன்றல் என அவனை வாழ்த்திவிட்டு, ஔவையார் விருந்துண்ண அமர்ந்தார்.