சிறுவர் நகரின் தந்தை பிளானகன்



யூபிலி ஆண்டு விடுதலையின் ஆண்டு என்று பழைய ஏற்பாடு நமக்குக் கற்பிக்கிறது. அவ்வாண்டில் அடிமைப்பட்டவன் தன் வீடு திரும்பினான். இழந்த காணி உரியவனின் கைக்கு மீண்டும் வந்தது. வீடற்றவனுக்கு வீடு கிடைக்கும் ஆண்டே யூபிலி ஆண்டு. ஆகவே, வீடற்ற சிறுவர்களுக்கு வீடு அமைப்பதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு குருவின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்வது மிகவும் பொருத்தம் என்று கருதுகிறோம். அவர்தாம் அருட்தந்தை எட்வர்டு யோசேப்பு பிளானகன். நம்மில் மூத்தோர் சிலர் அவரைத் திரைப்படத்தின் வாயிலாக அறிந்திருக்கலாம். அத்திரைப்படம் அவருக்கு இழைத்த இடரைப் பற்றியும் பின்னர் சொல்வோம்.

பிளானகன் 1886 ஆம் ஆண்டு ஜூலை 13 ஆம் நாள் அயர்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியில், பாலிமோ என்னும் சிற்றூருக்கு அருகே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகள் நிறைந்த வீடு அது. உடல் நலம் குன்றிய பிள்ளையாதலால், கடின வேலைக்கு அனுப்பாமல் ஆடு மாடுகளை மேய்க்கும் பணியையே அவருக்குக் கொடுத்தார்கள். தந்தை இரவில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வீடு. குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும் வீடு. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான சிறுவர்களுக்கு எத்தகைய இல்லம் வேண்டும் என்று அவர் எண்ணிப் பார்த்தபோதெல்லாம், இந்த வீடே அவருடைய கண்முன் நின்றது எனலாம்.

1904 ஆம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்றார். குருவாக வேண்டும் என்ற ஆவல் பெரிது, உடலோ ஒத்துழைக்கவில்லை. நியூயார்க் குருமடத்தில் நுரையீரல் நோய் அவரை வீழ்த்தியது. உரோமைக்கு அனுப்பப்பட்டார், அங்கும் நோய் தொடரவே பாதியில் திரும்பினார். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் இறைச்சி பதனிடும் நிறுவனம் ஒன்றில் கணக்கராக வேலை பார்த்தார். இருமுறை குருமட வாசலைவிட்டு வெளியேறிய ஒருவர் மூன்றாம் முறையும் கதவைத் தட்டுவது எளிதன்று. அவர் தட்டினார். ஆஸ்திரிய நாட்டின் மலைக்காற்று வீசும் இன்ஸ்புருக் நகரில் படிப்பை முடித்து, 1912 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். தோல்வியுற்றவன் என்று ஒருவனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது என்பதை அவர் நூல்களில் படித்து அறியவில்லை. தம் சொந்த வாழ்விலேயே கற்றுக்கொண்டார்.

ஒமாகாவில் உதவிப் பங்குக் குருவாக இருந்தபோது, அறுவடைக் கூலிகள் வேலையின்றித் தெருக்களில் அலைவதைக் கண்டார். 1916 ஆம் ஆண்டு அவர்களுக்கென ஒரு தங்குவிடுதி தொடங்கினார். பசித்தவர்களுக்கு உணவும் குளிரில் நடுங்கியவர்களுக்குப் படுக்கையும் கிடைத்தன. ஆனால் இரவு நேரங்களில் அம்மனிதர்களோடு உரையாடியபோது ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. அவர்களுள் பலர் சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர்கள், அல்லது உடைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பத்து வயதில் பட்ட காயம் நாற்பது வயதிலும் ஆறாமல் கிடந்தது. அப்படியானால் மருந்திட வேண்டிய காலம் எது? குழந்தைப் பருவமன்றோ! இந்த எண்ணமே அவரை நீதிமன்றத்தின் வாசலுக்கு இட்டுச் சென்றது. அங்கே சிறு குற்றங்களுக்காகச் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட இருந்த சிறுவர்களைத் தம் பொறுப்பில் விடுமாறு நீதிபதிகளைக் கேட்டுக்கொண்டார்.

தம் பேராயரின் அனுமதி பெற்று, 1917 டிசம்பர் 12 அன்று ஒரு பழைய வாடகை வீட்டில் ஐந்து சிறுவர்களுடன் இல்லத்தைத் தொடங்கினார். வாடகைக்குக் கையில் இருந்தது 90 டாலர், அதுவும் கடன். கடன் கொடுத்தவரின் பெயரை அவர் வெளியிடவில்லை. அவர் யூத சமயத்தைச் சேர்ந்த வழக்கறிஞரான ஹென்றி மான்ஸ்கி என்றே பலரும் நம்புகின்றனர். மான்ஸ்கி கடைசிவரை அந்த இல்லத்துக்கு உற்ற துணையாக இருந்தவர்.

இரண்டு வாரத்தில் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வந்தது. அதற்குள் சிறுவர்களின் எண்ணிக்கை பன்மடங்காகப் பெருகிவிட்டது. சமையலறையிலோ ஒன்றுமில்லை. வணிகர் ஒருவர் புளிக்க வைத்த முட்டைக்கோஸ் ஒரு பீப்பாய் அனுப்பி வைத்தார். அதுவே அவர்களுடைய முதல் கிறிஸ்துமஸ் விருந்தாயிற்று. மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலனைக் கொண்டாட அதைவிட ஏற்ற விருந்து வேறு உண்டோ என்று நமக்குத் தோன்றுகிறது. எனினும் டிசம்பர் மாதத்தோடு பசி முடிந்துவிடுவதில்லை. சனவரியிலும் சிறுவர்கள் உண்ண வேண்டும். சூன் மாதத்திலும் உடுக்க வேண்டும். விழாக் காலத்தில் மக்களின் உள்ளம் இளகும்; விழா கழிந்ததும் அது மறந்துவிடும். மறக்கும் மக்களை ஆண்டு முழுவதும் நினைவுகூரச் செய்வதே தந்தை பிளானகனின் வாழ்நாள் போராட்டமாயிற்று. கடிதம் எழுதினார், 1918 முதல் சிறு இதழ் நடத்தினார், சிறுவர்களைக் கொண்டு பாட்டும் இசையும் நிறைந்த குழு அமைத்து ஊர் ஊராக அனுப்பினார், பின்னர் வானொலியிலும் பேசினார்.

அவர் வாசலில் வந்து நின்ற சிறுவர்கள் எப்படிப்பட்டவர்கள்? அடியும் பட்டினியும் அறிந்தவர்கள். பெரியவர்களின் சொல்லை நம்பி ஏமாந்தவர்கள். இரவில் அலறி எழுபவர்கள். கொடுத்த ரொட்டியை நாளைக்கு வேண்டும் என்று தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும் நிலையில் உள்ளவர்கள். இத்தகைய பிள்ளைகளை மனக்காயம் பட்டவர்கள் என்று இன்றைய மருத்துவர்கள் அழைக்கின்றனர். மாறாத அன்புடன் நாள்தோறும் உடனிருக்கும் பெரியவர் ஒருவரே அவர்களுக்கு முதல் மருந்து என்றும் கூறுகின்றனர். பிளானகனின் காலத்திலோ சமுதாயம் அவர்களைப் பொல்லாதவர்கள் என்று அழைத்தது. பூட்டும் பிரம்புமே அவர்களுக்கு மருந்து என்று நம்பியது. பிறவியிலேயே தீய சிறுவன் என்று ஒருவனும் இல்லை. தீய சூழலும் தீய முன்மாதிரியும் தீய பயிற்சியுமே உள்ளன என்பது தந்தை பிளானகனின் உறுதியான கொள்கை. ஆகவே தம் இல்லத்தைச் சுற்றி வேலி எழுப்ப அவர் மறுத்துவிட்டார். ஓட விரும்புகிறவன் ஓடலாம். திரும்பி வருகிறவனுக்கு உணவு காத்திருக்கும்.

1921 ஆம் ஆண்டு ஒமாகாவுக்கு வெளியே 160 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கி, சிறுவர்களோடு அங்கே குடியேறினார். அதுவே சிறுவர் நகரமாக வளர்ந்தது. 1936 இல் சட்டப்படி தனி ஊராகவும் ஏற்கப்பட்டது. பள்ளிப் படிப்புடன் உழவு, தச்சு, அச்சு முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. விளையாட்டும் இசையும் செபமும் நாளின் ஒழுங்கில் தத்தம் இடத்தைப் பெற்றன. சிறுவர்களே வாக்களித்துத் தங்களுக்குள் ஒருவனை நகரத் தலைவனாகத் தேர்ந்துகொண்டார்கள். யாராலும் வேண்டப்படாதவன் என்று தன்னை எண்ணியிருந்த ஒரு பிள்ளைக்கு, தன் சொல்லுக்கும் ஒரு வாக்குக்குரிய மதிப்பு உண்டு என்று தெரிய வரும்போது அவன் உள்ளத்தில் எத்தகைய மாற்றம் நிகழும் என்பதைப் பெற்றோர்களாகிய நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அங்கே ஒரே மேசையில் அமர்ந்து உண்டார்கள். கத்தோலிக்கர், பிரிவினை சபையார், யூதர் யாவரும் தத்தம் சமய முறைப்படி இறைவனை வழிபட அவர் இடமளித்தார். நிற வேற்றுமை சட்டமாகவே நிலவிய நாட்டில் இது பலருக்கும் பிடிக்கவில்லை. மிரட்டல்கள் வந்தன, இசைக்குழு சென்ற சில ஊர்களில் கறுப்பினச் சிறுவர்களுக்குத் தங்க இடம் மறுத்தார்கள். அவர் அசையவில்லை. இளம்பிள்ளை வாதத்தால் கால் விளங்காத ஒரு சிறுவன் படியேற முடியாமல் தவித்தபோது, மூத்த சிறுவர்கள் முறைவைத்து அவனைத் தோளில் சுமந்தார்கள். அவர்கள் அவனைப் பாரமாக எண்ணவில்லை. சுமக்கப்பட்டவன் மட்டுமல்ல, சுமந்தவர்களும் அதனால் குணமடைந்தார்கள் என்றே நாம் கருதுகிறோம். அக்காட்சி பிற்காலத்தில் சிறுவர் நகரின் சின்னமாயிற்று.

எல்லா முயற்சியும் வெற்றி பெற்றதா? இல்லை. 1931 இல் வாஷிங்டன் மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், திருடப் புகுந்த கடையில் காவல் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்துப் பெரியவர்களின் சிறையில் அடைத்தார்கள். அவனைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு பிளானகன் ஆளுநரிடம் முறையிட்டார். வானொலியிலும் அவனுக்காகப் பரிந்து பேசினார். ஆளுநர் மறுத்துவிட்டார். அச்சிறுவன் விடுதலையானது ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்குப் பின்னரே.

1938 இல் சிறுவர் நகரைப் பற்றிய திரைப்படம் வெளிவந்தது. தந்தை பிளானகனாக நடித்த ஸ்பென்சர் டிரேசி, தமக்குக் கிடைத்த ஆஸ்கார் விருதையே அவருக்கு அளித்தார். உலகமெங்கும் பெயர் பரவியது. ஆனால் நடந்தது என்ன? இத்தனைப் புகழ் பெற்ற இல்லத்திற்கு இனி நம் காசு எதற்கு என்று எண்ணி மக்கள் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கைதட்டல் பெருகியது, காணிக்கை சுருங்கியது. படம் பார்த்து அழுத கண்ணீர் ஒரு பிள்ளைக்கும் ஒரு வேளை உணவாகவில்லை. மீண்டும் அவர் பேனாவைக் கையிலெடுத்து உதவி கேட்டு எழுத வேண்டியதாயிற்று.

1946 இல் தாய்நாடான அயர்லாந்துக்குச் சென்றார். பெருங்கூட்டங்கள் அவரை வரவேற்றன. புகழுரை கேட்டு மகிழ்ந்து திரும்பியிருக்கலாம். ஆனால் அந்நாட்டின் சிறுவர் சிறைகளிலும் தொழிற்பள்ளிகளிலும் பிள்ளைகள் கொடூரமாகத் தண்டிக்கப்படுவதை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அவ்விடங்களுள் பல துறவற சபையார் நடத்தியவை என்பதும், தாமும் ஒரு குரு என்பதும் அவருடைய வாயை அடைக்கவில்லை. நாட்டின் நீதி அமைச்சர் பாராளுமன்றத்தில் அவரை மறுத்துப் பேசினார். மக்களும் மெல்ல மறந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2009 இல் அந்நாட்டு விசாரணை ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. அவ்விடங்களில் பிள்ளைகள் பட்ட கொடுமைகள் உலகறிய வெளிவந்தன. பிளானகனின் குரலுக்கு அன்றே செவிசாய்த்திருந்தால் எத்தனைப் பிள்ளைகள் காப்பாற்றப்பட்டிருப்பார்கள்! திருச்சபையின் மக்களாகிய நாம் இதை வெட்கத்துடன் நினைவில் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். குழந்தையின் நலத்திற்கு முன்னால் நிறுவனத்தின் பெயர் பெரிதன்று.

இரண்டாம் உலகப் போர் பெற்றோரை இழந்த பிள்ளைகளை நாடெங்கும் விட்டுச் சென்றது. 1947 இல் அமெரிக்க அரசின் வேண்டுகோளின்படி பிளானகன் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் சென்று, போரில் அனாதைகளான சிறுவர்களின் நிலையை ஆராய்ந்தார். மறு ஆண்டு ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் அதே பணிக்காகப் பயணமானார். பழைய நோயாளி, வயதோ அறுபதைக் கடந்துவிட்டது. பெர்லின் நகரில் 1948 மே 15 ஆம் நாள் மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார். சிறுவர் நகரின் ஆலயத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 2012 இல் அவருக்குப் புனிதர் நிலை அளிப்பதற்கான முயற்சிகள் ஒமாகா உயர்மறைமாவட்டத்தில் தொடங்கின.

அவருக்குப் பின்னும் பணி நிற்கவில்லை. 1970களில் பெரிய விடுதிக் கூடங்களுக்குப் பதிலாக, கணவனும் மனைவியும் சில பிள்ளைகளோடு சேர்ந்து வாழும் குடும்ப இல்லங்கள் அங்கே அமைக்கப்பட்டன. 1979 முதல் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர். காயம்பட்ட பிள்ளை குணமடையும் இடம் குடும்பமே என்பது நிலைநாட்டப்பட்டது.

அன்புக்குரியவர்களே, யூபிலி மகிழ்ச்சியில் திளைக்கும் நமக்கு இவ்வாழ்வு கூறும் பாடம் என்ன? கிறிஸ்துமஸ் காலத்தில் அனாதைப் பிள்ளைகளுக்குக் கேக்கும் புத்தாடையும் கொண்டு போகிறோம், நல்லதே. ஆயினும் தாயை இழந்த பிள்ளைக்குத் தாயின் நினைவு டிசம்பர் மாதத்தில் மட்டும் வருவதில்லை. பள்ளி திறக்கும் நாளில் வரும். காய்ச்சலில் படுத்திருக்கும் இரவில் வரும். மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிட ஆளில்லாத வேளையில் வரும். ஒருமுறை ஆயிரம் ரூபாய் கொடுத்து மறந்துவிடுவதைவிட, மாதந்தோறும் நூறு ரூபாயும் ஒரு மணி நேரமும் கொடுப்பதே அப்பிள்ளைக்குப் பெரிய உதவி. நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் வாரந்தோறும் வீடுகளைச் சந்தித்து வருகின்றனர். அவர்களோடு இன்னும் சில குடும்பங்கள் சேர்ந்து, ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிள்ளையின் படிப்பையும் நலத்தையும் ஆண்டு முழுவதும் விசாரிக்கும் பொறுப்பை ஏற்றால், இந்த யூபிலிக்கு அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் தேவையில்லை.

சிறுவர்களைத் தம்மிடம் வர விடுமாறு சீடர்களைக் கடிந்துகொண்ட ஆண்டவர், அப்பிள்ளைகளுக்கு வழிவிடும் மனத்தையும் தொடர்ந்து துணை நிற்கும் பொறுமையையும் நமக்கு அருள்வாராக. தந்தை பிளானகனின் முன்மாதிரி நம் பங்கில் பலன் தருவதாக.